நங்கையின் சிரிப்பு

நங்கைக்கு,

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இன்று காலை கண்ணாடி முன் நின்று, வலது கண் இமையைத் தூக்கிப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டேன். உங்கள் பிளாஸ்திரிதான். காரியம் முடிந்த மறுநாள் உங்கள் அலமாரியிலிருந்து யாரையும் கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன். இத்தனை நாள் என் பீரோவில் சேலைக்கு அடியில் கிடந்தது. கையில் பட்டதும் அந்த மருந்து வாசம், கூடவே நீங்கள். இமையை அப்படி ஒட்டிக்கொண்டு நீங்கள் பருப்பில் கல் பொறுக்கியது எப்படித்தான் இருந்திருக்கும் என்று பார்க்கத் தோன்றியது. மருமகள் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ஐந்தே நிமிடத்தில் எனக்குக் கண் எரிந்து தண்ணீர் கொட்டியது. நீங்கள் அதோடு நாள் பூராவும் இருந்தீர்கள்.

அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுகிற நம் பக்கத்தில், அவளைக் கேலி செய்ய நாத்தனார் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நீங்கள் கல்யாணமாகி சூலூர் வந்த நாளிலிருந்து உங்கள் நடை, உங்கள் ரசம், உங்கள் தம்பி மீசை, எதையாவது விட்டேனா? நீங்களும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவீர்கள். "போதும் அம்மணி, வயிறு வலிக்குது" என்பீர்கள். அதைக் கேட்டால்தான் எனக்குத் தின்றது செரிக்கும்.

மேட்டுப்பாளையத்தில் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். இமை இரண்டும் பாதி தொங்கியிருந்தது. இரண்டு வாய் மெல்லுவதும் நிறுத்துவதுமாக இருந்தீர்கள். என் வாய் சும்மா இருக்குமா? "எங்கண்ணன் தறிக்குடோன் பஞ்செல்லாம் எங்க நங்கை கண்ணுல ஒட்டிக்கிச்சாட்ட இருக்குதுங்க, தொறக்கவே மாட்டேங்குது" என்று பந்திக்கே கேட்கும்படி சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் நிமிர்ந்தீர்கள். மேலுதடு மட்டும் ஏறி, பல் தெரிய, உறுமுகிற மாதிரி ஒரு முகம்.

எனக்குச் சுருக்கென்றது. ஊரையே கேலி செய்கிறவளுக்கு ஒரு முறைப்பைத் தாங்க முடியவில்லை. கோபமா என்று கேட்டுத் தீர்த்துக்கொள்கிற பழக்கமும் நம் வீடுகளில் கிடையாது. நேரில் பார்த்தால் 'வாங்க, போங்க' என்று மரியாதை குறையாமல் பேசிவிட்டு, பிறகு வீட்டுப் பக்கமே போகமாட்டோம். சிங்காநல்லூரிலிருந்து சூலூருக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். ஆறு மாதம் நான் வரவில்லை.

அண்ணன் போன் செய்தபோது உங்களுக்குத் தண்ணீரே தொண்டையில் இறங்கவில்லை. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயது டாக்டரம்மா உங்களை மேலே பார்க்கச் சொன்னார்; பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். இமை தானாக இறங்கியது. பிறகு, "எங்கே, நல்லாச் சிரிங்க பாக்கலாம்" என்றார்.

பந்தியில் பார்த்த அதே முகம்.

"இது சிரிப்புங்களா?" என்றேன். உதட்டோரத்தைத் தூக்குகிற தசை ஓய்ந்துவிட்டதால் சிரிப்பு அப்படி வருகிறது என்றார்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கும் விளங்கும்படி அவர்தான் சொன்னார். "கிருமியோட சண்டை போடற அணுக்கள் ரத்தத்துல இருக்குதுங்கம்மா. 'இது நம்ம உடம்பு, கை வெக்காதே'ன்னு அதுகள அதட்டி நிறுத்தற அணுக்களும் உண்டு. இவங்களுக்கு அந்த நிறுத்தறது சரியா வேலை பாக்கலீங்க." அதனால், நரம்பு தசைக்கு உத்தரவு கொடுக்கிற இடத்தையே சொந்தப் படை போய் மறித்துக்கொண்டதாம். நிறுத்துகிற அணுக்களைத் தேற்றுவதற்கு ஆராய்ச்சி நடக்கிறதாம். இப்போதைக்கு மொத்தப் படையையும் அடக்குகிற மாத்திரைதானாம். சளி, காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

ஆறு மாதம் முன்பே வந்திருந்தால் என்று கேட்டேன். "வந்திருந்தா நல்லதுதானுங்க" என்று சொல்லிவிட்டு அவர் எழுத ஆரம்பித்துவிட்டார். அண்ணன் விடிந்தால் தறிக்குப் போகிறவர். உங்கள் முகத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். கேலி செய்வதற்காவது பார்த்திருப்பேனே.

வார்டில் உங்களிடம் ஒப்புக்கொண்டேன், முறைத்தீர்கள் என்று நினைத்ததை. நீங்கள் நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள்: "நீ கோவிச்சுட்டேன்னு தெரியும். கண்ணாடியில பாத்தா எனக்கே பயமா இருந்துது. அதச் சிரிப்புன்னு சொன்னா, நீ நம்புவியா அம்மணி?"

மாத்திரையில் இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தீர்கள். பிறகு ஒரு சளி நெஞ்சுக்கு இறங்கி, மூச்சு விடுகிற தசையும் ஓய்ந்துபோனது. அந்த ஆறு மாதத்தை யாரும் என் தலையில் கட்டவில்லை. அண்ணன்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியாவது ஆறியிருப்பேன்.

இப்போதும் கேலி செய்கிறேன்; அது போகாது. ஆனால் யார் முகத்தையும் நானாக அர்த்தம் பண்ணிக்கொள்வதில்லை. கேட்டுவிடுகிறேன். போன வாரம் உங்கள் திதிக்கு சூலூர் பஸ்ஸில் வந்தேன். நல்ல கூட்டம். பக்கத்தில் நின்ற அம்மாவுக்கு மேலுதடு ஏறி, பல் தெரிந்தது. அதே முகம்.

"ஏனுங்க அக்கா, சிரிக்கறீங்களா, கோவமுங்களா?" என்று கேட்டேன்.

"கோவமுங்க" என்றார்.

சிங்காநல்லூரிலிருந்து ஒண்டிப்புதூர் வரை நான் அவர் கால்மேல் நின்றுகொண்டு வந்திருக்கிறேன்.