மஞ்சள் பூசிய நாற்காலி

என் மருமகளுக்கு,

இடது கையில் மாவுக்கட்டும் வலது கையில் பேனாவுமாக உன் அத்தை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் உன் புருஷனும்தான். மணிக்கட்டில் சின்ன விரிசல், தானாகக் கூடிவிடும், தையல் மெஷின் பக்கம் மட்டும் கொஞ்ச நாள் போகாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடை பூட்டிக் கிடக்கிறது. திரைச்சீலை தைக்கக் கொடுத்தவர்கள் வீட்டுக்கே வந்து என் கையைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, அப்படியே திரைச்சீலை எப்போது கிடைக்கும் என்றும் கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

வெள்ளிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதாக நேற்று நீ அனுப்பிய செய்தியை உன் புருஷன் படித்துக் காட்டினான். அதற்குத்தான் இந்தக் கடிதம். நீ தங்கி வரையும் அந்த ஓவியர் விடுதியில், கண்காட்சி தொடங்கும் முன் யார் கிளம்பினாலும் அவர்களுடைய சுவரைக் காத்திருக்கும் வேறு ஓவியருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். அந்தச் சுவருக்காக எத்தனை வருடம் விண்ணப்பம் போட்டாய் என்று எனக்குத் தெரியும். போனிலேயே சொல்லலாம். ஆனால் போனில் நீ அழுவாய், நீ அழுதால் நான் திட்டுவேன், அதற்குள் உன் புருஷன் போனைப் பிடுங்கி, 'சரி சரி, வா, நேர்ல பேசிக்கலாம்' என்று வைத்துவிடுவான். கடிதம் என்றால் யாரும் நடுவில் பிடுங்க முடியாது. கடைசி வரை படி.

முதலில் நான் விழுந்த கதை. 'உன் படத்த மாட்டப் போய்தான் அம்மா விழுந்தாங்க' என்று அவன் உன்னிடம் சொல்லியிருப்பான். நான் விழுந்தது ஸ்டூலிலிருந்து. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை என்பது உன் மாமனார் காலத்திலிருந்தே வீட்டில் எல்லோருக்கும் தெரியும். படம் மாட்டச் சுவரில் ஒரு ஆணி அடித்துக் கொடுடா என்று மகனிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. 'ஞாயித்துக்கிழமை பாக்கலாம்மா' என்பான். அவன் சொல்லும் அந்த ஞாயிற்றுக்கிழமை எந்தக் காலண்டரிலும் இல்லை. கடைசியில் நானே சுத்தியலை எடுத்தேன். இதில் உன்மேல் என்ன தப்பு?

கடைக்கு வருகிறவர்கள், உங்கள் மருமகள் என்ன வரைவாள், ஆள் படமா, இயற்கைக் காட்சியா என்று கேட்பார்கள். பாத்திரம், பக்கெட், செருப்பு, குடை என்று சொல்வேன். அவர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பார், எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாருங்கள், வந்து பார்த்துவிட்டுச் சிரியுங்கள் என்று வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்து காட்டியிருக்கிறேன்.

நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். கல்யாணமாகி வந்த புதிதில் நீ சாப்பாட்டு மேசைமேல் எச்சில் டீக் கோப்பைகளைப் பரப்பி, ஒவ்வொன்றையும் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருந்தாய். இந்தப் பெண்ணுக்கு என்ன கோளாறு என்று நினைத்து, எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிக் கூடையில் கவிழ்த்து, வட்டங்களையும் துடைத்துவிட்டேன். அடியில் காய்ந்திருந்த டீக் கறையைத்தான் நீ வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாய் என்று எனக்கு எப்படித் தெரியும்? நீ வந்து பார்த்தாய். 'அத்தை, கூடையை மட்டும் அப்படியே விட்டுடுங்க' என்று சொல்லிவிட்டுப் போனாய்.

பிறகு அந்தப் படத்தைப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த கோப்பைகள், கம்பிக் கூடையில். நம் வீட்டுக் கோப்பைகள் வெள்ளை. படத்தில் அத்தனையும் அடுப்பில் வைத்த இரும்பு மாதிரிச் சிவந்து கிடந்தன. கைப்பிடிகள் எல்லாம் அந்தப் பக்கம். ஒரு கோப்பைக்குக்கூட என் முகத்தைப் பார்க்க இஷ்டமில்லை. இது என்மேல் உனக்கு வந்த கோபம்தானே என்று கேட்டதற்கு, நாக்கைக் கடித்துக்கொண்டு, 'ஐயோ அத்தை, அப்படியேவா தெரியுது?' என்றாய். எதிர்த்துப் பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாயே திறக்காமல் இவ்வளவு சுத்தமாகக் கோபப்பட்டவளை அன்றுதான் பார்த்தேன், அன்றைக்கே உன்னை எனக்குப் பிடித்துவிட்டது. எச்சில் கோப்பையைக் கழுவத்தான் வேண்டும், அதில் எனக்கு இன்றும் மாற்றுக்கருத்து இல்லை.

நானும் நிறத்தோடு மல்லுக்கட்டுகிறவள்தானே. என் நூல் பெட்டியைத் திறந்தால் நீலம் மட்டுமே ஒரு கூட்டம் இருக்கும். ஒரு துணிக்கு ஒத்துப்போகும் நீலத்தைத் தேடி, துணியையும் நூல்கண்டுகளையும் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போவேன். தையல் கண்ணில் படக்கூடாது, அதுதான் என் தொழில். நீயும் என் பெட்டியிலிருந்து நூல்கண்டை எடுத்துப் போய்ப் படத்தின்மேல் வைத்துப் பார்ப்பாய். ஆனால் நீ எடுப்பது ஒட்டவே ஒட்டாத நிறமாக இருக்கும். இவளுக்குக் கண் சரியில்லையோ என்றுகூட நினைத்திருக்கிறேன். ஒட்டாத அந்த இடத்தில்தான் நீ சொல்ல வந்தது இருக்கிறது என்பது எனக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது.

உன் மாமனார் போனபோது நான் அழவில்லை. மறுவாரமே கடையைத் திறந்தேன். 'கல்லு மாதிரி இருக்கா பாரு' என்று சொந்தக்காரர்கள் பேசியது என் காதில் விழத்தான் செய்தது. நீ மட்டும் எதுவும் கேட்கவில்லை. அவர் உட்காரும் நாற்காலியையும், அதன் கையில் பிளாஸ்டிக் கவர் போட்டு ரப்பர் பேண்ட் சுற்றிக் கிடந்த டிவி ரிமோட்டையும் வரைய ஆரம்பித்தாய். முடித்து, பின்னறையில் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாய். எங்களை அது என்ன செய்யுமோ என்று உனக்குப் பயம், அதனால் நானும் தொடவில்லை.

உன்னை ரயிலேற்றிவிட்டு வந்த அன்று சாயங்காலம் வீடு வெறிச்சென்று இருந்தது. போய்த் திருப்பிப் பார்த்தேன். அறை முழுக்கத் தரை துடைத்த தண்ணீரின் நிறம். நாற்காலியில் மட்டும், அவர் உட்கார்ந்து உட்கார்ந்து குழிந்த அந்த இடத்தில் மட்டும், மஞ்சள். நம் நாற்காலி கரும்பழுப்பு, அதில் மஞ்சளுக்கு வேலையே இல்லை. ஆனால் கையை வைத்தால் சுடும் போலிருந்தது. மனுஷன் இப்போதுதான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போயிருக்கிறார், ரிமோட்டைத் தேடிக்கொண்டே திரும்பி வருவார் என்று தோன்றியது. தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஒரு வருஷத்து அழுகை. எழுந்தபோது உடம்பே லேசாகியிருந்தது. இப்படி ஒரு காரியத்தை எனக்குச் செய்த படம் சுவரைப் பார்த்து நிற்கக்கூடாது என்றுதான் அதை முன்னறையில் மாட்டக் கிளம்பினேன்.

இனி உன் புருஷனைப் பற்றி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் உன்னைக் கூப்பிட்டு வரச் சொன்னானே, அப்போது அவன் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவே இல்லை. உன்மேல் அவனுக்குக் கோபமெல்லாம் கிடையாது. பயந்துவிட்டான். அப்பாவும் இல்லை, நீயும் இல்லை, அம்மாவும் கட்டுப்போட்டு உட்கார்ந்துவிட்டால் அவனுக்குக் கை கால் ஓடாது. நேற்று உன் செய்தியை எனக்குப் படித்துக் காட்டிய பிறகு, தட்டோடு சோபாவில் உட்கார்ந்தான். எதிரே சுவரில் சாய்த்தபடி அந்தப் படம். சாப்பாடு ஆறிவிட்டது. 'அந்தக் கவர் நான் போட்டதும்மா. பட்டன் அழிஞ்சிடும்னு அப்பா சொல்லிட்டே இருந்தாரு' என்றான். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனிடம் துளை போடும் மெஷினை வாங்கி வந்து, தள்ளி நின்று பார்த்துப் பார்த்து, கோணல் இல்லாமல் மாட்டினான்.

மாட்டி முடித்துவிட்டு, 'அவசரப்பட்டு அவள வரச் சொல்லிட்டேனாம்மா?' என்று கேட்டான். ஆமாம்டா என்றேன். வரச் சொன்ன வாயால் வராதே என்று சொல்ல அவனுக்குக் கூச்சம். ஆனால் இந்தக் கடிதத்தைக் கூரியரில் போடப் போகிறவன் அவன்தான். படித்துக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னான், எடுக்கவில்லை.

இப்போது உனக்கு. போன வாரம் பேசியபோது, கண்காட்சிச் சுவரில் ஒரு இடம் இன்னும் காலியாக இருக்கிறது, இந்த விடுதி அறையில் எந்தச் சாமானும் என்னோடு பேசவில்லை என்று புலம்பினாய். நான் கேட்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே. என் கை முறிந்தது என்றதும் உனக்குத் துக்கம் வந்திருக்கும், சந்தேகமே இல்லை. கூடவே, அப்பாடா, இனி அந்தக் காலி இடத்தைப் பார்க்க வேண்டாம் என்று கொஞ்சம் நிம்மதியும் வந்ததா? வந்திருந்தால் தப்பில்லை, மனுஷ மனசுதான். ஆனால் என் மணிக்கட்டைச் சாக்காக வைத்துக்கொண்டு ரயிலேறாதே.

நீ வந்தால் என் தலையை வாரிவிடுவாய். சட்டைக் கைக்குள் இந்தக் கட்டை நுழைக்கத் தெரியாமல் நான் திண்டாடுவதைப் பார்த்துச் சிரிப்பாய். நேற்று உன் செய்தியைக் கேட்டதும் ஒரு நிமிடம் எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். பொய் சொல்ல மாட்டேன். அந்தச் சந்தோஷத்தை எனக்கு இப்போது கொடுக்காதே, அம்மா.

உன்னை எனக்குத் தெரியும், டிக்கெட் எடுத்த கையோடு பெட்டியைக் கட்டியிருப்பாய். ஒரு சட்டைக்கை வெளியே தொங்கும், ஜிப் பாதியில் நிற்கும். அதை அவிழ்க்காதே, சரிசெய்யவும் செய்யாதே. எங்களிடம் ஓடிவர நினைத்து எப்படிக் கட்டினாயோ அப்படியே ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, எதிரே உட்கார். வெள்ளிக்கிழமை ரயில் போகட்டும். நீ அந்தப் பெட்டியை வரை.

உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். என் கையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தை