லவ்விலேயே நின்ற அம்மணி

ஆனி மாதம், செவ்வாய் இரவு

வெள்ளிக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்கு இன்று நானே கொள்ளி வைத்துவிட்டேன்.

நண்பர்களோடு செல்போனில் டென்னிஸ் ஆடுகிறேன். மட்டையைத் தொட்டதில்லை. நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஆளுக்கொரு கற்பனை அணி கட்டிக்கொள்வோம். அவர்கள் எங்கோ ஓடி ஆட, பொள்ளாச்சியில் எங்களுக்குப் புள்ளி ஏறும். மதியம் என் அணிப் பெண் கேமுக்குக் கேம் சைபரிலேயே தோற்றாள். டென்னிசில் சைபருக்கு லவ் என்று பெயர். கடுப்பில், "நம்ம அம்மணி லவ்வுலயே நிக்குதுங்க. பேசாம வேற ஆளை மாத்திப்போடலாம்" என்று நண்பர்களுக்கு வாட்ஸப்பில் தட்டினேன். அது தவறிப்போய்ச் சம்பந்தி வீட்டார் இருக்கும் குழுவில் விழுந்தது. மகளையும் நான் அம்மணி என்றுதான் கூப்பிடுவேன்.

உடுமலையிலிருந்து சம்பந்தி உடனே கூப்பிட்டார்.

"ஏனுங்க சம்மந்தி, புள்ளைக்கு இஷ்டமில்லைன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே?"

"அய்யோ, அது டென்னிசுங்க!"

"இந்த வயித்தை வெச்சுக்கிட்டு டென்னிசுங்களா?"

"நான் ஆடறதில்லீங்க. ஆடற மாதிரி..."

"போனை வெச்சர்றனுங்க."

கோபத்திலும் மரியாதை குறையாத மனிதர்.

மகளே பேசினால் நம்புவார்கள் என்று அவள் அறைக்குப் போனேன். "அம்மணி, நீ யாரையோ லவ் பண்றேன்னு அவங்க..." என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"உங்களுக்கு யாருங்கப்பா சொன்னா?"