எனக்குக் கிட்னிக் கோளாறு இல்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே சுகம். ஒன்பது நாளாக அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையே தவிர மூன்று வேளைச் சாப்பாட்டில் ஒரு பிடி குறையவில்லை, அதனால் அவரைப் பற்றிக் கவலைப்படாதே. நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் செய்தி வந்தது. ஒரே ஒரு வேளை அனுசரிச்சுப் போயிருக்கக் கூடாதாம்மா, அத்தனை பேர் நடுவுல அப்பாவைத் தலைகுனிய வைக்கணுமா என்று கேட்டிருக்கிறாய். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உட்கார்ந்து படி.

முதலில் கறி விஷயம். நான் கறியும் மீனும் விட்டு இரண்டு வருடம் ஆகிறது, ஏன் விட்டாய் என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. ஏதாவது வேண்டுதலா என்றாள் உன் அத்தை. டாக்டர் சொன்னாரா என்றார் மாடி வீட்டுக்காரர். யாராவது சாமியார்கிட்ட போய்க்கிட்டு இருக்காங்களா என்று உன் சித்தப்பா அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். ஒரு மண்ணும் இல்லை. ஒரு நாள் தட்டைப் பார்த்தேன், வேண்டாம் என்று தோன்றியது, மறுநாளும் தோன்றியது, விட்டுவிட்டேன். உன் அப்பாவுக்கு இன்றைக்கும் நான்தான் கறி சமைத்துப் போடுகிறேன், உப்புப் பார்க்க மட்டும் அவரைக் கூப்பிடுவேன். அவர் தட்டில் நான் கைவைக்கவில்லை. என் தட்டுக்கு மட்டும் ஊரே காரணம் கேட்கிறது.

முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி லாண்டரியில் இருந்து ஓய்வு பெறுகிறவளை வெறும் மாலையோடு அனுப்ப என்கூட வேலை பார்த்த பெண்களுக்கு மனசில்லை, பார்பிக்யூ ஓட்டலில் மத்தியான விருந்து என்று முடிவு செய்தார்கள். என்னைக் கேட்டுத்தான் செய்தார்கள், நான்தான் சரி என்றேன். அப்பாவையும் அழைத்திருந்தார்கள். நீ அந்த மாதிரி இடமெல்லாம் பார்த்திருப்பாய், நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. மேஜை நடுவில் ஒரு பள்ளம், அதில் தணல் தட்டை இறக்கி வைக்கிறார்கள், கம்பியில் கோத்த துண்டுகள் வந்துகொண்டே இருக்கின்றன, மேஜைமேல் இருக்கிற சின்னக் கொடியை நாம் சாய்க்கிறவரை விடமாட்டார்கள். இஸ்திரிப் பகுதியில் ஒரு நெட்டை இருக்கிறாளே, அவள் உட்கார்ந்ததும் முதல் வேலையாகத் தணலின் குறுக்கே இரண்டு வெறும் கம்பிகளை வைத்து, இந்தப் பக்கம் அக்காவுது, அந்தப் பக்கம் நம்முளுது, எவளாவது எல்லை தாண்டினா கையைச் சுட்டுடுவேன் என்று அறிவித்துவிட்டாள். அழுக்குத் துணி ஒரு வாசல், வெளுத்த துணி ஒரு வாசல் என்று பிரித்தே பழகிய கைகள். இதில் யாருது அழுக்கு என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். என் பக்கம் அன்னாசி, சோளம், உருளைக்கிழங்கு, குடைமிளகாய், காளான். அந்த அன்னாசி தணலில் ஓரம் கருகி வந்ததே, அதற்காகவே இன்னொரு தடவை ஓய்வு பெறலாம் போலிருந்தது. எனக்கு அங்கே ஒரு கஷ்டமும் இல்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உன் அப்பா உனக்கு அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

புதிதாகக் கட்டுகிறார்களே, அந்த ஆஸ்பத்திரியின் நிர்வாகியையும் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அப்பா பக்கத்தில் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். அங்கே லாண்டரியை அமைத்துக் கொடுக்க என்னைக் கேட்டிருந்தார், வாய் வார்த்தையாக. முப்பத்தொரு வருடமாக எவனோ தப்பான இடத்தில் வைத்துவிட்டுப் போன மெஷினோடு மல்லுக்கட்டியவள் நான். வெறும் சுவரிலிருந்து ஆரம்பித்து, தண்ணீர்க் குழாய் எங்கே, உலர்த்தி எங்கே, வாசல் எங்கே என்று நானே சொல்ல வேண்டும் என்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? நாலு நாள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்துப் படம் போட்டேன். அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் விருந்துக்கே போனேன்.

நான் கை கழுவப் போன நேரத்தில் அந்த நிர்வாகி, மேடம் ஏன் கறி எடுத்துக்கலை என்று சும்மா கேட்டிருக்கிறார். உன் அப்பா குரலைத் தாழ்த்தி, அவளுக்குக் கிட்னியில கொஞ்சம் கோளாறு, வெளிய சொல்லிக்க மாட்டா என்று சொல்லியிருக்கிறார். பரிமாறுகிறவர் காதிலும் அது விழுந்திருக்கிறது, நல்ல மனிதர், ஓடிப்போய் சமையற்காரரிடம் சொல்லிவிட்டார். நான் திரும்பி வந்து உட்கார்ந்தால் மூடி போட்ட தட்டு ஒன்று வருகிறது. திறந்தால் கஞ்சியும் உப்பில்லாமல் வேகவைத்த பூசணியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், உன் அப்பா மறைத்த பூசணி வெந்து என் தட்டுக்கே வந்தது. நெட்டை கண்ணைத் துடைக்கிறாள். நிர்வாகி என்னைப் பரிதாபமாகப் பார்த்து, உடம்புதான் முக்கியம் மேடம், நல்லா ரெஸ்ட் எடுங்க, அந்த வேலைக்கு நாங்க வேற யாரையாவது பார்த்துக்கறோம் என்கிறார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தேன். எனக்குக் கிட்னி நன்றாக இருக்கிறது, கல்லீரல் நன்றாக இருக்கிறது, நான் கறி சாப்பிடாதது எனக்கு வேண்டாம் என்பதால், என் வீட்டுக்காரர் சொன்னது பொய் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஆமாம், பொய் என்ற வார்த்தையைத்தான் சொன்னேன். அப்பா முகம் சுண்டிப்போனது. அதற்கு வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், அவர் முகத்துக்கு வருத்தப்படுகிறேன், சொன்னதற்கு வருத்தப்படவில்லை. அந்தத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இன்னும் நாலு துண்டு அன்னாசி சாப்பிட்டேன், நெட்டை ஊட்டிவிடாத குறை. கிளம்பும்போது நிர்வாகியிடம் படத்தைக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, எதுக்கும் ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் குடுத்துடுங்க என்றார். வேலைக்கு வருகிற எல்லோரிடமும் கேட்பீர்களா என்றேன். இல்லை என்றார். அப்படியென்றால் நானும் தருவதாக இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்பது நாள் ஆகிறது, போன் வரவில்லை. ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் ஓடத்தான் செய்கிறேன், உன்னிடம் மறைப்பானேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டும். ஆனாலும் சீக்காளி என்ற பட்டத்தோடு அதை வாங்க மாட்டேன், சீக்காளி இல்லை என்று நிரூபித்தும் வாங்க மாட்டேன்.

அன்றைக்கு வீடு திரும்பும் பஸ்ஸிலேயே அப்பாவைக் கேட்டேன். பொய் அவருக்குச் சட்டென்று வராது, அது எனக்குத் தெரியும். ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவர் கடைசியில், உன் மகதான் சொன்னா, உடம்பு சரியில்லைன்னு சொல்லிட்டா யாரும் நோண்டிக் கேட்க மாட்டாங்கப்பான்னு என்றார். அதை நீ உன் செய்தியில் எழுதவில்லை. அழாதே, திட்டுவதற்காக இதை எழுதவில்லை. இரண்டு நாள் உன்மேல் கொதித்தேன், மூன்றாம் நாள்தான் இது யாரிடம் கற்ற பாடம் என்று உறைத்தது. என் மகளுக்குக் காய்ச்சல் என்று எழுதி எத்தனை லீவு எடுத்திருக்கிறேன், நீ தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருப்பாய், நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன். எனக்குத் தூங்க வேண்டும் என்று எழுதினால் எவன் கொடுப்பான்? மழையில் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று நீ அடம்பிடித்த நாளெல்லாம் உனக்கு வயிற்றுவலி என்று எழுதியவளும் நான்தான். பெண்பிள்ளை வேண்டாம் என்றால் யார் காதிலும் விழாது, முடியவில்லை என்றால்தான் விழும் என்று உனக்குச் சொல்லாமல் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இப்போது நீ சனிக்கிழமை வேலைக்குத் தப்ப இடுப்புவலி என்று சொல்லிவிட்டு, அதைக் காப்பாற்ற ஆபீசுக்கு பெல்ட் கட்டிக்கொண்டு போகிறாயாம். விருந்துக்கு முந்தின வாரம் அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பார்சலில் நீலத் துண்டு இரண்டு அனுப்பியிருக்கிறேன், முதல் தடவை தனியாகத் துவை, சாயம் போகும். மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல். இருவரும் நீண்ட ஆயுளோடு, ஒருவருக்கொருவர் உண்மை பேசி, வயிறு நிறையச் சாப்பிட்டு வாழ வேண்டும். பெல்ட்டைக் கழற்றிக் குப்பையில் போடு. உன் மேலதிகாரியிடம் சொல்ல வாய் வரவில்லையென்றால், அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்த மாதிரியே கீழே ஒன்று எழுதியிருக்கிறேன், கிழித்துக்கொண்டு போய்க் கொடு.

ஐயா,
என் மகளுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. இடுப்பில் ஒரு வலியும் இல்லை. சனிக்கிழமை வேலைக்கு வர அவளுக்கு விருப்பம் இல்லை.

இப்படிக்கு,
அவள் அம்மா