எதிர்க்கரையில் விழுந்த கோடு

நங்கை,

இன்று காலையில் உங்கள் போனின் உறையைக் கழற்றினேன். உள்ளே ஓரம் பூராவும் மஞ்சள் தூள் அடைந்து கிடக்கிறது. ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். கை போகவில்லை. மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே மாட்டிவிட்டேன். மாசி மாதம் கடைசியாக நீங்கள் மஞ்சள் காட்டில் இறங்கிய அன்றைக்கு உங்கள் இடுப்பில் இருந்தது இந்தப் போன்.

அண்ணன் இதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். "அதக் கெணத்துல வீசிப்போடு அம்மணி" என்று ஒரு தடவை சொன்னார். பெண்டாட்டி நீங்கள் போய்விட்ட துக்கத்தில் பேசுகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நான் போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். இந்தப் போனை வாங்க வைத்தது நான் என்று அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும், அதனால் உங்களுக்கே எழுதுகிறேன். நான் அஞ்சாவதோடு நின்றவள். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் போன பிறகு ஒரு துணிப்பையோடு நான் பிறந்த ஊருக்கே திரும்பி வந்தபோது, அண்ணன் என்ன சொல்வாரோ என்று வாசலிலேயே நின்றேன். நீங்கள் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "கால் வலிக்கலையா? உள்ள வா புள்ள" என்றீர்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து வேலைக்குப் போனாலும், சந்தைக்குப் போனாலும் நாம் இரண்டு பேர்தான்.

நம் ஊருக்கு வருகிறவர்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். தார் ரோட்டில் பழைய ரைஸ் மில்லைக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் இரண்டு வேலிக்கு நடுவே போகிற இட்டேரியில் திரும்பி, வாய்க்கால் கரையை ஒட்டித் தென்னந்தோப்புக்குள் நுழைந்தால்தான் நம் இருபது வீடும் கண்ணில் படும். எந்தப் போன் மேப்பிலும் நம் ஊர் இல்லை. கேஸ் வண்டி வந்தாலும், ஆம்புலன்ஸ் வந்தாலும், பெண் பார்க்க வந்தாலும் ஒரு ஆள் தார் ரோட்டுக்கு ஓடிப்போய்த் துண்டை வீசிக்கொண்டு நிற்க வேண்டும். பாதி நாள் அந்த ஆள் நீங்கள்தான். உங்கள் பச்சைத் துண்டு அந்த ரோட்டில் போகிற பஸ் டிரைவர்களுக்கெல்லாம் பழக்கம்.

"போத்தனூர்ல ரயிலப் பாத்துப் பொறந்தவ, இங்க வந்து கொடி காட்டிட்டு நிக்கறேன் பாரு" என்பீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொல்வீர்கள்.

கோபியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேப் வரையச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். கோயமுத்தூரிலிருந்து வந்த ஒரு மேடம் சொல்லிக் கொடுத்தார். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் தங்கள் ஊரைத் தாங்களே வரைந்து போடலாம் என்றார். நடந்தால் போதும், நடந்த தடத்தைப் போனே கோடாக எழுதிக்கொள்ளும் என்றார். எனக்குப் பாதி தூக்கம். நீங்கள் மட்டும் முன் வரிசையில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டீர்கள்.

எங்களால் முடிகிற விலையில் எந்தப் போன் வாங்குவது என்று கேட்டபோது அந்த மேடம் சொன்னதை நீங்கள் வரும் வழி பூரா மனப்பாடம் பண்ணினீர்கள். பேரைப் பார்த்து வாங்காதீர்கள், கேமராவைப் பார்த்து வாங்காதீர்கள். வெயிலில் திரை தெரிய வேண்டும், பேட்டரி ஒரு பகல் தாங்க வேண்டும். முக்கியமாக, வாங்கும் முன்னால் வெளியே எடுத்துப்போய் ஆகாசம் தெரிகிற இடத்தில் ஜிபிஎஸ் எவ்வளவு நேரத்தில் பிடிக்கிறது என்று பாருங்கள். மரத்தடியிலும் சுவர் ஓரமாகவும் ஒரே வழியில் ஒரு தடவை போய்விட்டுத் திரும்பி வந்து பாருங்கள். "போற கோடும் வார கோடும் ஒண்ணு மேல ஒண்ணு விழுகோணும். விழுகலீன்னா அந்தப் போனு வேண்டாம்." பஸ்ஸில் இதையே பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு வந்தீர்கள்.

சத்தியமங்கலத்தில் அந்தக் கடைக்குப் போனோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போயிருந்தோம். கையடக்கமாக ஒரு போனை எடுத்துக் காட்டினார் கடைக்காரர்.

"ஏனுங்க, இது ஆகாசத்தப் புடிக்குமுங்களா?" என்றீர்கள்.

"ஆகாசம், மேகம், நெலா, எல்லாம் போட்டோல பளிச்சுன்னு புடிக்குமுங்க."

"போட்டோ இல்லீங்க. மேல இருக்குற சேட்டலைட்டு. ஜிபிஎஸ்ஸு."

"அது எல்லாப் போன்லயும் இருக்குதுங்க."

"இருக்கறது வேறங்க, வேல செய்யறது வேறங்க. ரோட்டுல போய்ச் சித்த நேரம் நடந்து பாத்துட்டு வந்தர்றோம்."

அவர் நம் இரண்டு பேரையும் பார்த்தார். என் ரப்பர் செருப்பைப் பார்த்தார். "எடுத்துட்டுப் போங்க. ஒருத்தரு மட்டும் இங்க உக்காந்துக்கங்க. கடை வழக்கமுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க."

"அதுக்கென்னங்க, நா உக்காந்துக்கறேன். ஃபேனு வேற ஓடுது" என்று நீங்கள் ஸ்டூலை இழுத்தீர்கள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நமக்குச் சற்று முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இரண்டு போனைக் கையில் தூக்கிக்கொண்டு வெளியே போய் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. உங்கள் கையைப் பிடித்து எழுப்பினேன். "எந்திரிங்க நங்கை. நம்மள அடகு வெச்சுப்போட்டு ஒண்ணும் பாக்க வேண்டாம். இதே போதும். பில்லப் போடச் சொல்லுங்க" என்று பணத்தை மேஜைமேல் போட்டேன். வாங்க வக்குள்ளவர்கள் என்று அந்த ஆளுக்குக் காட்ட வேண்டும் என்ற வீம்பு. நீங்கள் கடைக்காரரைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பில்லை வாங்கிக்கொண்டு வந்தீர்கள்.

பஸ்ஸில் வைத்து ஒரே ஒரு தடவை சொன்னீர்கள். "அஞ்சு நிமிசந்தான் புள்ள. உக்காந்தா நா என்ன தேஞ்சா போயிருவேன்?"

அந்த அஞ்சு நிமிசத்தைத்தான் நங்கை, நான் இன்றைக்கு வரைக்கும் தின்றுகொண்டிருக்கிறேன்.

ஊருக்கு வருகிற வழியை வரைய அந்தப் போனோடு தார் ரோட்டில் நடந்தபோது கோடு ஒழுங்காகத்தான் வந்தது. தென்னந்தோப்புக்குள் நுழைந்ததும் தடுமாறியது. போன கோடு நம் கரையில் பாதி, தோப்புக்குள் பாதி என்று கோணல்மாணலாக விழுந்தது. வந்த கோடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், எதிர்க்கரை மேலேயே நேராக விழுந்தது. "நாமென்ன தண்ணி மேல நடந்தா வந்தோம்?" என்று சிரித்தீர்கள். அப்புறம் சிரிக்கவில்லை. "ஓலை மறைச்சா இந்தப் போனுக்குக் கண்ணு தெரியறதில்ல போல. இன்னொருத்தரு போனு வாங்கிட்டு வந்து நடந்து பாக்கோணும்" என்றீர்கள்.

இருந்தாலும் ஊர்ப் பேர் எழுத்தில் வந்ததைப் பார்க்கிற ஆசையில், நேராக விழுந்த கோட்டையே அன்றைக்கு மேடத்துக்கு அனுப்பிவிட்டீர்கள். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றீர்கள். எதிர்க்கரையிலும் ஒரு வண்டித்தடம் இருக்கிறது. அதனால் அந்த மேடத்துக்கும் சந்தேகம் வரவில்லை. நம் ஊர்ப் பேர் மேப்பில் வந்ததை வீடு வீடாகப் போய்க் காட்டினீர்கள். மஞ்சள் வேலை தொடங்கிவிட்டது. விடிந்தால் காடு, பொழுதோடு வந்தால் சோறு. அந்த மறு நடை நடக்கவேயில்லை.

காட்டில் மஞ்சள் செடியின் தாள் அறுத்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறி ஒரு பதினொரு மணி இருக்கும். நீங்கள் சத்தம்கூடப் போடவில்லை. "என்னமோ கொத்திருச்சு" என்று உட்கார்ந்தீர்கள். தாளுக்கு அடியில் விரியன் நெளிந்து போனதை நான் பார்த்தேன். தூக்கி வந்து தோப்பு நிழலில் படுக்க வைத்தோம். ஆம்புலன்ஸுக்கு நான்தான் பேசினேன். டிரைவர் லொகேஷன் அனுப்பச் சொன்னார். உங்கள் போனிலிருந்தே அனுப்பினேன்.

அண்ணன் உங்கள் பச்சைத் துண்டை உருவிக்கொண்டு தார் ரோட்டுக்கு ஓடப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாங்ண்ணா. மேப்புல நேரா வந்துருவாங்க. நங்கை போட்ட ரோடு இருக்குதுல்ல. நீங்க இங்கயே இருங்க" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன் நங்கை. உங்கள் கண் திறந்துதான் இருந்தது. நீங்கள் அதைக் கேட்டீர்களா? வேண்டாம் என்று சொல்ல நினைத்தீர்களா?

வண்டிச் சத்தம் கேட்டது. எல்லோரும் இட்டேரிப் பக்கம் பார்த்தோம். சத்தம் பின்னாலிருந்து வந்தது. திரும்பினால், வாய்க்காலுக்கு அந்தக் கரையில் வெள்ளை வண்டி நிற்கிறது. டிரைவர் இறங்கி, தண்ணீரைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்க்கிறார். நடுவே முப்பது அடி அகலத்துக்குத் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. அவர் என்னவோ கத்தினார். கேட்கவில்லை. அண்ணன் உங்களைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மார்பளவு வந்ததும் இழுப்புத் தாங்காமல் திரும்பிவிட்டார். உங்கள் சேலை நனைந்து தண்ணீர் சொட்டியது. பாலம் இருக்கிற இடம் வரைக்கும் போய் வண்டி சுற்றி வந்து சேர்ந்தது. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த எண்ணும் சேர்ந்து என்னைக் கொன்றிருக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் கேட்டேன். "முன்னாடியே வந்திருந்தா பொழைச்சிருப்பாங்களா சார்?" அவர் என் தோளைத் தொட்டு, "அப்பிடியெல்லாம் உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார். பிழைத்திருக்க மாட்டார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவர் காலில் விழுந்திருப்பேன்.

அதற்குப் பிறகும் எதிர்க்கரையில் அந்தக் கோடு அப்படியே கிடந்தது. அதை விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். அழியவில்லை. மேடத்துக்குப் போன் பண்ணினேன். அந்தத் தப்புக் கோட்டை உடனே எடுத்துவிட்டார். சரியானதை வரைய, மேலிருந்து எடுத்த படத்தில் தென்னைதான் தெரிகிறது, பாதை தெரியவில்லை, நானே வந்து நடக்கிறேன் என்றார். "நீங்க வர வேண்டாங்க. நா நடக்கறேன்" என்றேன். மூன்றாவது வீட்டுச் செல்விக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெள்ளை வண்டிதான் கண்ணில் தெரிந்தது.

அதே கடைக்குப் போனேன். அதே ஆள். மூன்று போன் எடுத்து வைக்கச் சொன்னேன். "வெளிய எடுத்துட்டுப் போய் நடந்து பாக்கோணுங்க" என்றேன்.

"கூட ஆரும் வரலீங்களா? ஒருத்தரு இங்க உக்காரோணுங்க."

"கூட வர்றதுக்கு ஒருத்தரு இருந்தாங்க. இப்ப இல்லீங்க." உங்கள் போனை எடுத்து அந்த ஸ்டூல்மேல் வைத்தேன். "இது உக்காந்துக்கட்டுங்க."

அவர் மூன்று போனையும் என் பக்கம் தள்ளினார். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது நங்கை.

ரோட்டோரப் புளியமரத்தடியில் ஒவ்வொரு போனாக எடுத்துக்கொண்டு போனேன், வந்தேன். முதல் போனில் மரத்தடிக்கு வந்ததும் கோடு வழுக்கியது. இரண்டாவது ஆகாசத்தைப் பிடிக்கவே அரை நாள் ஆகும்போல இருந்தது. மூன்றாவதில் போன கோடும் வந்த கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. போகிறவர்கள் என்னைப் பைத்தியம் என்று பார்த்திருப்பார்கள். அது இரண்டாவதைவிட விலை குறைந்த போன்தான் நங்கை. உட்கார்ந்து பார்த்திருந்தால் அன்றைக்கே கிடைத்திருக்கும்.

தோப்புக்குள் நாலு தடவை நடந்தேன். கோடு நம் கரையிலேயே விழுந்தது. அனுப்பினேன். மேடம் அதை மேப்பில் போட்டார்.

நேற்றுச் செல்விக்கு வலி வந்துவிட்டது. லொகேஷனை அனுப்பிவிட்டு, உங்கள் பச்சைத் துண்டை எடுத்துக்கொண்டு ரைஸ் மில்லுக்கு ஓடினேன். என்னால் வீட்டில் நிற்க முடியவில்லை. தூரத்தில் வண்டி தெரிந்ததும் துண்டை வீசினேன். டிரைவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. இண்டிகேட்டர் போட்டு, இட்டேரியில் தானாகத் திரும்பித் தோப்பைப் பார்த்துப் போய்விட்டார். செல்வியை ஏற்றிக்கொண்டு திரும்பி என்னைத் தாண்டிப் போகும்வரை நான் வீசின கையை இறக்கவில்லை. பொழுதோடு பெண் குழந்தை பிறந்தது என்று போன் வந்தது.

துண்டைத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன். காய்ந்ததும் பையில் வைத்துக்கொள்வேன். அடுத்த தடவை யாருக்காக வண்டி வந்தாலும் ரைஸ் மில் முன்னால் நான் நிற்பேன். அவர்கள் என்னைப் பார்க்காமல் போகட்டும்.