ஏலக்காய் ரொட்டிக்குப் பதின்மூன்றாயிரம் டாலர்

அக்டோபர் 9
தொழில் காப்பீட்டைப் புதுப்பிக்கும் படிவம் வந்திருக்கிறது. பதினாறு பக்கம்! முன்னால் தகடு பூட்டிய ஒரே ஒரு பழைய வண்டியில் கனடாவின் தண்டர் பே நகர் முழுக்கப் பனி தள்ளுகிறவளுக்கு. "சென்ற குளிர்காலத்தில் யாரேனும் வழுக்கி விழுந்தார்களா?" விழுந்தார். ஹில்மா அம்மா, எழுபத்தெட்டு வயது, நான் பனி தள்ளிய தேவாலய வாசலில். அடி எதுவுமில்லை. விழுந்த கையோடு என்னிடம், "மன்னிச்சுக்கம்மா ஐரீன், உன் வேலையக் கெடுத்துட்டேன்" என்றார். மறுநாள் ஏலக்காய் ரொட்டி சுட்டுக்கொண்டு வந்து மறுபடி மன்னிப்பு. எங்கள் ஊரில் விழுந்தவர்தான் மன்னிப்புக் கேட்பார். அப்படியே எழுதினேன், ரொட்டி உட்பட.

அக்டோபர் 21
காப்பீட்டுக் கட்டணம் போன வருடம் நாலாயிரத்து இருநூறு டாலர். இந்த வருடம் பதின்மூன்றாயிரமாம்.

அக்டோபர் 22
காப்பீட்டுத் தரகர் கார்டனிடம் கத்தினேன்.
"யாரும் ஒத்த காசு நஷ்டஈடு கேக்கலையேய்யா?"
"கேக்கல ஐரீன். ஆனா கேட்டிருக்கலாம்ல?"
"ரொட்டி குடுத்தாங்கய்யா!"
"அத உன்ன யாரு எழுதச் சொன்னா? ஊரே 'இல்லை'ன்னுதான் போடுது."
ஆக, பொய் சொன்னவனுக்குச் சலுகை, உண்மை சொன்ன கூமுட்டைக்கு மூன்று மடங்கு. வெக்கமே இருக்காதா இவனுங்களுக்கு? பனியை ஜன்னல் வழியாக மட்டும் பார்த்த ஜென்மங்கள்.

அக்டோபர் 30
வேறு இரண்டு நிறுவனங்கள். அதே கேள்வி, அதே தொகை, அதே பல்லிளிப்பு. அவ்வளவு கட்ட என்னால் ஆகாது.

நவம்பர் 6
காப்பீட்டுச் சான்று இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்று என் வாடிக்கைக்காரர்களான மரக்கடை, பல் மருத்துவர், தேவாலயம் மூன்றிலிருந்தும் கடிதம். தேவாலயக் கடிதத்தில் 'அன்புடன்' வேறு! தகட்டைக் கழற்றிக் கொட்டகையில் போட்டேன். பத்தொன்பது வருடம் — அழக்கூடாது என்றுதான் இருந்தேன். அழுதுவிட்டேன்.

டிசம்பர் 3
முழங்கால் அளவு பனி. காலையில் தேவாலயத்தைத் தாண்டிப் போகிறேன், வாசலில் யாரோ பனி அள்ளும் வாரியோடு. ஹில்மா அம்மா!
"என்ன பண்றீங்க இங்க?"
"சான்று இருக்கறவன் கேக்கற கூலி கட்டுப்படியாகலம்மா. முறை போட்டு நாங்களே அள்றோம். இன்னைக்கு என் முறை."
யாரும் விழக்கூடாது என்றுதானே அந்தப் பதினாறு பக்கமும்! சிரிப்பதா, காறித் துப்புவதா?
வாரியைப் பிடுங்கினேன்.
"ஐயோ, நீ தொடக்கூடாதும்மா, உங்கிட்ட சான்று இல்லையே!"
"பேசாம உள்ள போய் உக்காருங்க."
வாசல் முழுக்க அள்ளி, மிச்சப் பனி உருக உப்புத் தூவினேன். கடைசிப் படியில் நானே வழுக்கி விழுந்தேன். கதவைத் திறந்து ஓடி வந்தவரிடம், "மன்னிச்சுக்கங்கம்மா" என்றேன்.
முழங்கை வீங்கியிருக்கிறது. இதை எந்தப் படிவத்திலும் எழுதப் போவதில்லை.