அடி தாங்கும் சட்டை

கோவில்பட்டி
ஐப்பசி 22

அன்பு மகள் காளீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். ஜெர்மனியில், அந்த லைப்சிக் ஊரில் நீயும் உன் பத்து விரல்களும் எண்ணிக்கை குறையாமல் சுகமாக இருக்கிறீர்களா என்று அறிய ஆசை. இங்கே நல்ல மழை, கரிசலில் கால் வைத்தால் காலை மட்டும் திருப்பித் தருகிறது, செருப்பைத் தானே வைத்துக்கொள்கிறது. நீ அளவு அனுப்பிக் கேட்ட சட்டையைத் தைத்து முடித்து, இந்தக் கடிதத்தையும் அதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். போனில் சொல்ல வராத சங்கதி ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் கடிதம்.

நர்ஸ் வேலைக்குப் போன பிள்ளை சாயங்காலம் வாள் சண்டை வகுப்புக்குப் போகிறாள் என்று வெளியில் எப்படிச் சொல்வது, ஜெர்மன் பாஷை படிக்கிறாள் என்றுதான் சொந்தத்தில் சொல்லி வைத்தோம். வீடியோவில் உன்னைப் பார்த்த பூங்கொடி அத்தை, "ஏன் அண்ணே, பாஷை படிச்சா முழங்கை எதுக்குக் கன்னிப்போகுது?" என்று கேட்டுவிட்டாள். பகலில் காயத்துக்குக் கட்டுப் போடுகிறாய், சாயங்காலம் காயம் உண்டாக்கப் படிக்கிறாய், தொழில் ஓயாது. அறுநூறு வருஷத்துக்கு முந்தின படப் புத்தகத்தைப் பார்த்துத்தான் உன் வாத்தியார் சொல்லிக்கொடுக்கிறார் என்றாய். ஏழாம் வகுப்பில் நீ சிலம்பம் படிக்க ஆசைப்பட்டபோது "பொம்பளப் பிள்ளைக்குக் கம்பு எதுக்கு" என்று தடுத்தவன் நான். கம்பு வேண்டாம் என்றதற்கு இரும்பு. ஆனாலும் அந்த வாத்தியாரை எனக்குப் பிடித்திருக்கிறது. வாளை முதலில் வாங்காதே, முனை மழுக்கிய வாள் வகுப்பிலேயே இரவல் தருவோம், முதலில் கையுறை, கம்பி வலை முகமூடி, பஞ்சு வைத்த சட்டை, இவற்றைச் சேர்த்துக்கொள் என்றாராமே, விவரமான மனுஷன்.

அங்கே விற்கிற சட்டையெல்லாம் உனக்குத் தோள் தொங்குகிறது என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முப்பது வருஷமாக லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவன், மகளுக்கு ஒரு சட்டை தைக்க மாட்டேனா? வெளியே கித்தான், உள்ளே நாலு மடிப்புப் பருத்தி, நடுவில் மில் பஞ்சு, மெத்தைக்குப் போடுவது போல நெருக்கமாகத் தையல், தொண்டையை மறைக்க விறைப்பான காலர். நான் தைத்ததை உன் அம்மா நம்பவில்லை. "அடி தாங்குமான்னு பாக்காம என் பிள்ளைக்கு அனுப்ப விட மாட்டேன்" என்று அவளே அதை மாட்டிக்கொண்டு, என் பைக் ஹெல்மெட்டையும் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். மம்பட்டிக் கணைக் கம்பை என் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னாள். மெதுவாகத் தட்டினேன். "வெள்ளைக்காரன் இப்படியா தடவுவான், ஓங்கிப் போடுங்க" என்றாள். போட்டேன். நாலாவது அடிக்குள் தெருவே திரண்டுவிட்டது. பக்கத்து வீட்டு இசக்கிசெல்விதான் முதலில் பாய்ந்து வந்து கணையைப் பிடுங்கினாள். "இந்த வயசுல என்ன செய்யுதீங்க அண்ணாச்சி, அக்கா தாங்குவாவளா?" என்று கத்தினாள். உன் அம்மா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "இவிய மேல தப்பு இல்ல, நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்றாள். அதற்குப் பிறகு தெருவில் என் மரியாதை என்ன ஆகியிருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

இதுவரை சிரித்திருப்பாய். இனிதான் விஷயம். இந்த இசக்கிசெல்வி நீ போன பிறகு குடிவந்தவள், தீப்பெட்டி ஆபீஸில் வேலை, புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். மூன்றாம் நாள் மத்தியானம் கடைக்கு வந்தாள். மிச்சக் கித்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அதே மாதிரி எனக்கும் ஒண்ணு தைக்க முடியுமா? சேலைக்கு உள்ள தெரியாம போடுத மாதிரி, மெல்லிசா. கை வேண்டாம், முதுகு மறைஞ்சாப் போதும்" என்றாள். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அளவை இப்பவே எடுத்துக்கிடுங்க, அவிய வண்டி வர நேரமாகும்" என்றாள். அடிக்கிறவனுக்கும் அவள் மரியாதையைக் குறைக்கவில்லை பார்.

காளி, எனக்கு இது தெரியாது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். இரண்டு வருஷமாக அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். சத்தம் வந்தால் டிவியைக் கூட்டி வைப்பேன், அவர்கள் குடும்ப விஷயம் என்பேன். என் வாசலில் பொய்யடி விழுந்ததற்குத் தெருவே ஓடி வந்தது, அவள் வீட்டு மெய்யடிக்கு ஒருத்தரும் போனதில்லை, நானும் போனதில்லை.

தைக்க மாட்டேன் என்று சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது. கடையைச் சாத்திவிட்டு அவளை உன் அம்மாவிடம் கூட்டிவந்தேன். அம்மா அவள் முதுகைப் பார்த்தாள், சேலை மாற்றிக்கொண்டு "கிளம்பு தாயி" என்றாள். மகளிர் காவல் நிலையத்தில் அவள் புருஷனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "பேச்சுவாக்குல கை பட்டிருக்கும்" என்றான். அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டிருக்கிறீர்களா என்று இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டதற்கு, வந்திருந்த தெருக்காரர்கள் நாலு பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் கேட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் என் பைக் சீட்டை யாரோ கிழித்திருந்தார்கள். தைக்கிறவனிடம் போய்க் கிழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான் அவர்கள் புத்தி.

வழக்கு நடக்கிறது, என்ன ஆகும் என்று தெரியாது. இசக்கிசெல்வி இப்போது கயத்தாறில் அண்ணன் வீட்டில் இருந்து பஸ்ஸில் வேலைக்கு வந்து போகிறாள். நேற்று பஸ் ஸ்டாண்டில் உன் அம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாளாம். "அக்கா, ரெண்டு வருசத்துக்குப் பிறகு இப்பத்தான் மல்லாந்து படுத்து உறங்குதேன்."

சட்டையைப் போட்டுப் பார், அக்குளில் பிடித்தால் உடனே சொல். எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. சாமி உனக்குத் துணையாக நின்று காக்கட்டும், நல்ல ஆயுசோடு இரு அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா
கோபாலசாமி