பெயர் மட்டும் போடாத செய்தி

இன்று காலை பத்திரிகை ஆபீசுக்குப் போகும் வழியில், பினாங்கு ஸ்திரீட் பூக்கடையில் ஓர் ஆள் பெரிய ரோஜா மாலையைக் கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "மாமன் போடுற மாலை, இன்னும் நல்லா கனமா கட்டுங்க. அக்கா மவளுக்கு சடங்கு" என்று கடைக்காரம்மாவிடம் சொன்னார். முகமெல்லாம் சிரிப்பு. நல்ல மனுஷனாகத்தான் இருப்பார். எனக்கோ அந்த ரோஜா வாசத்தில் நிற்க முடியவில்லை. எதிர்ப்பக்கம் போய்விட்டேன். நீ செத்து ஆறு மாதம் ஆகிறது. நீ என்னோடு பேச்சை நிறுத்தி அதற்கும் முன்னே எத்தனையோ வருஷம். இன்று நான் பேசுகிறேன். எழுந்து போக உன்னால் முடியாது என்ற தைரியம்தான்.

உன் மகள் சடங்குக்கு நானும் வந்திருந்தேனே, பட்டர்வொர்த் மண்டபத்துக்கு. உன் தம்பி சீர்த்தட்டோடு வந்து அவள் கழுத்தில் மாலை போட்டான். "ஒரே மாமன்டி, அதான் இந்த ஆட்டம்" என்று நீ என் காதில் சொன்னாய். தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்தே உனக்குக் காதில் சொல்கிற பழக்கம். நான் இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தேன்.

மூன்று வருஷம் கழித்து, மாக் மண்டின் பேக்டரியில் ஷிப்ட் முடிந்ததும் அதே சட்டையோடு ஃபெரி ஏறி என் ஆபீசுக்கு வந்தாய். "எந்தம்பி மேல ரிப்போர்ட் பண்ணிட்டேன்டி. பிள்ளைகிட்ட..." அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "நாளைக்குக் கோர்ட்டு. நீங்க எழுதுவீங்க, தெரியும். எழுது. ஆனா எம்பிள்ளை யாருக்கும் தெரியக்கூடாது. இந்த வருஷம் பரீட்சை இருக்குலா, அவ ஸ்கூலுக்குப் போவணும்." உன் கையைப் பிடித்துக்கொண்டேன். "பேரு வராது. நான் இருக்கேன்" என்றேன்.

மறுநாள் கோர்ட்டில் அவன் தலையைப் படிய வாரி, புதுச்சட்டை போட்டு நின்றான். மலாய்ப் பத்திரிகைக்காரரும் ஆங்கிலப் பத்திரிகைப் பெண்ணும் 'உறவுக்காரர்' என்று மட்டும் குறித்துக்கொண்டார்கள், அவன் பெயரை எழுதவில்லை. வாசலில் அந்தப் பெண்ணை மடக்கி, ஏன் இவனைக் காப்பாற்றுகிறீர்கள் என்று சண்டை போட்டேன். நான் காப்பாற்றுவது அவனை இல்லை என்று சொல்லிவிட்டு அவள் காரில் ஏறினாள். எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள மனமும் இல்லை.

நான் எல்லாவற்றையும் எழுதினேன். அவன் முழுப்பெயர், வயது, ஊர். தலைப்பில் 'மாலையிட்ட தாய்மாமன்' என்று போட்டேன். நம் சனத்துக்கு உறவை மொட்டையாக விட வராது. கல்யாணப் பத்திரிகையில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனாலே மண்டபத்தில் நாற்காலி பறக்கும். அந்தப் புத்திதான் எனக்கும். "இதான்லா நம்ம பேப்பரு! மத்தவன் எவனாச்சும் என்ன உறவுன்னு போட்டானா?" என்று எடிட்டர் மேசையைத் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, சத்தியமாகப் பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் நீ பேப்பரை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாய்.

"பிள்ளை பேரு போடலடி" என்று நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"எனக்கு எத்தனை தம்பி?"

"ஒருத்தன்."

"அவனுக்கு எத்தனை அக்கா?"

"நீ ஒருத்திதான்."

"எனக்கு எத்தனை பிள்ளை?"

நான் உன் கையிலிருந்த பேப்பரைப் பார்த்தேன்.

"அப்புறம் எதுக்குடி பேரு?"

அன்று மத்தியானத்துக்குள் யாரோ அந்தச் சடங்குப் படத்தைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். பட்டுப்பாவாடையில் உன் மகள் சிரிக்கிறாள், அவன் மாலை போடுகிறான். கீழே என் செய்தி. கைப்பேசிக்குக் கைப்பேசி தாவி அது பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பேக்டரி பஸ்ஸில் ஒருத்தி உன்னிடம், "பிள்ளை அப்பவே சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டாளாம். உன் மகள் அதற்குப் பிறகு பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை, பரீட்சையும் எழுதவில்லை. அவனை ஜெயிலில் போட்டார்கள். அவனுக்காவது வெளியே வர ஒரு தேதி சொன்னார்கள்.

மன்னிப்புக் கேட்க வீட்டுக்கு வந்தேன். நீ கம்பிக்கதவைத் திறக்கவில்லை. "அவன் செஞ்சது வீட்டுக்குள்ள. நீ செஞ்சது ஊரு பூரா. ரெண்டு பேரும் என் கையால சாப்பிட்டவங்கதான்" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது உளறியிருப்பேன். நீ கணக்காகச் சொன்னாய்.

இப்போதெல்லாம் அந்த மாதிரிச் செய்தி என் மேசைக்கு வந்தால், ஆளின் பெயர் அல்லது உறவு, இரண்டில் ஒன்றை அடித்துவிடுகிறேன். சந்தேகம் வந்தால் இரண்டையும் அடிக்கிறேன். எடிட்டர் முறைக்கிறார். முறைக்கட்டும். இந்தப் புத்தி எனக்கு உன் பிள்ளையின் செலவில் வந்தது என்று அவருக்குத் தெரியாது.

கிட்னி உன்னைக் கொண்டுபோன அன்று உன் மகள் ஆபீசுக்கு வந்தாள். சிம்பாங் அம்பாட்டில் வேலையாம். உன் படத்தை மேசைமேல் வைத்து, சாவு அறிவிப்புப் போட வேண்டும் என்றாள். என்னை அடையாளம் தெரிந்திருந்தது. நம் அறிவிப்புகள்தான் உனக்குத் தெரியுமே, மகன், மருமகள், பேரப்பிள்ளை என்று ஒரு பட்டாளமே இருக்கும். நான் 'அன்பு மகள்' என்று தட்டச்சு செய்யத் தொடங்கினேன்.

"எம்பேரு போடாதீங்க ஆன்ட்டி."

"ஏன்மா, அம்மாவுக்கு நீ ஒருத்திதானே?"

"அம்மா பேரு பக்கத்துல எம்பேரைப் பாத்தா யாராச்சும் தேடுவாங்க. தேடுனா அந்தப் படம் திரும்ப வரும். மகள்னே போட வேணாம். குடும்பத்தினர்னு போட்டா போதும்."

குரலில் கோபம்கூட இல்லை. எதை அச்சில் ஏற்றக்கூடாது என்று அவள் எனக்கு நிதானமாகச் சொல்லிக்கொடுத்தாள். நான் தட்டச்சு செய்ததை அழித்தேன்.

மறுநாள் பேப்பரில் நீ பிள்ளை பெறாதவளாகச் செத்திருந்தாய். உனக்குக் கொடுத்த வாக்கை நான் ஒழுங்காகக் காப்பாற்றியது அந்த ஒரு தடவைதான்.